தடவுவதற்குத் தரை இல்லாத ஏரி: நீர்வாழ் உயிர்களிடம் நீங்கள் நேரில் கண்ட மாற்றம் எது?

கழிக்கரையான்:

சென்னைக்கு வடக்கே கடலோடு சேரும் பழவேற்காடு ஏரியை இங்குள்ள பலரும் அறிவீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். சென்ற புரட்டாசியில், மழை பிடிப்பதற்கு முன், தென்கரையில் இடுப்பளவு நீரில் இறால் தடவிக்கொண்டிருந்த இருளர் பெண்களோடு ஒரு காலைப்பொழுது இருந்தேன். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, விரலில் படும் இறாலை எடுத்துப் பறிக்குள் போடுகிற அந்தத் தொழிலுக்குக் கண் வேண்டியதில்லை. தரை மெத்தென்று இருந்தால் போதும். அவர்களில் மூத்தவர் நீரிலிருந்து கையை எடுத்தபோது விரல்களில் இரத்தம் கசிந்தது. உள்ளங்கையில் இறால் இல்லை. ஒன்றோடொன்று நார் பின்னிக் கிடந்த கறுத்த சிப்பிக் கொத்துதான் இருந்தது. "தடவுறதுக்குத் தரை எங்க தம்பி இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அது காக்கா ஆழி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகளுக்கு உரிய இந்தச் சிப்பி, எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் கம்பளம் விரித்ததுபோல் படிந்துவிட்டது. நீரில் உப்பு குறைந்தாலும் கூடினாலும் அது தாக்குப்பிடிக்கிறது. அதன் அடியில் சேறு மூச்சு முட்டிக் கெடுகிறது. மட்டி புதைய இடமில்லை, இறால் பதுங்க இடமில்லை. ஓர் ஏரியின் உயிர்க்கூட்டம் முழுவதும் மாறிப்போனதை ஒருவருடைய கையில் பார்த்த அந்தக் கணம் என்னை விட்டு அகலவில்லை.

ஆரணியாற்று மகன்:

தம்பி, நீங்கள் கண்டது உண்மை. ஆனால் அந்த ஏரி முன்பு மாறாமல் இருந்து இப்போதுதான் மாறியதுபோல் எழுதியிருப்பதை நான் ஏற்க மாட்டேன். நான் அந்தக் கரையில் பிறந்தவன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். எங்கள் ஏரியோ கார்த்திகையில் ஆறுகள் வந்து விழும் இடத்தில் குடிக்கும் அளவுக்கு நன்னீராகவும், சித்திரை வைகாசியில் வடக்கே ஆழமற்ற பகுதிகளில் கடலைவிடக் கரிப்பாகவும் இருக்கும். அதற்கேற்ப வலையில் விழுவதும் மாறும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு மழைக்கால விடியலில் அப்பாவோடு ஆற்றுவாயில் வலை வீசினோம். ஆற்றுக் கெண்டையும் கெளிறும் விழுந்தன. அங்கிருந்து ஒரு மணி நேரம் படகைத் தள்ளி முகத்துவாரத்துக்குப் போனால் அதே வலையில் மடவையும் கொடுவாவும் விழுந்தன. ஒரே நாள், ஒரே வலை, ஒரே ஏரி. ஒரு மீன்கூடப் பொதுவாக இல்லை. அன்று நான் இரண்டு இடத்து நீரையும் நக்கிப் பார்த்தது இன்னும் நாக்கில் நிற்கிறது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துதான் எங்கள் பெரியவர்கள் மீன்பிடி இடங்களைப் பங்கிடும் 'பாடு' முறையை வைத்தார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை வைத்து மாற்றினார்கள்.

உண்மையான ஆபத்து முகத்துவாரத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் அலையோடு ஏரிக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகின்றன. வாய் மணலால் அடைபட்டால் அந்த ஆண்டு இறால் இல்லை, அவ்வளவுதான். அப்படி அடைபட்ட ஒரு கோடையில் ஊரே மண்வெட்டியோடு போய் மணலை வெட்டித் திறந்தது, நானும் வெட்டினேன். சிப்பியை மட்டும் குற்றவாளியாக்கினால் இது மறைந்துபோகும்.

நெய்தல் குறிப்பேடு:

எங்கள் ஊர் கடலூர்ப் பக்கம். 1980களின் பிற்பகுதியில் ஒரு நாள் கரை முழுவதும் நெய்ப்பிடித்த ஒரு சாளை குவிந்து கிடந்தது. அதற்கு என்ன விலை சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தாத்தா ஒன்றைக் கையிலெடுத்து, "இது மேற்குக் கரை மீன்" என்று மட்டும் சொன்னார். அதுதான் கேரளத்தின் மத்தி, நாங்கள் பேய்ச்சாளை என்பது. அதுவரை சூடை என்ற வேறு சாளையைத்தான் அள்ளிக்கொண்டிருந்தோம். பிறகு பேய்ச்சாளை எங்கள் கரைக்கு வாடிக்கையாகிவிட்டது. கேரளத்திலோ 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட அதே மீன் 2021இல் சில ஆயிரம் டன்னாகச் சுருங்கியது.

நீங்கள் இருவரும் சொல்வதைப் பார்த்தால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: இவற்றையெல்லாம் யாராவது எழுதி வைக்கிறீர்களா? ஒரு சாதாரண நோட்டு போதும். தேதியோடு பிறை எத்தனையாம் நாள் என்று எழுதுங்கள், ஏனெனில் ஏற்றவற்றம் அதைப் பொறுத்தது. எந்த இடம், எவ்வளவு ஆழம், வலைக்கண் என்ன அளவு என்பதைக் கட்டாயம் குறியுங்கள். சிறுகண் வலைக்கு மாறிய ஆண்டில் "சிறு மீன் பெருகிவிட்டது" என்று எழுதுவது பெரும்பிழை. விலைபோகும் மீனை மட்டும் எண்ணாமல் கழிவு என்று ஒதுக்குவதையும் எண்ணுங்கள்; புதிதாக வருவதும் காணாமல் போவதும் முதலில் அந்தக் குவியலில்தான் தெரியும். எதுவும் கிடைக்காத நாளையும் விடாமல் எழுதுங்கள். ஒரே இடத்துக்கு ஒரே மாதத்தில் ஆண்டுதோறும் திரும்பப் போங்கள். வைகாசியையும் கார்த்திகையையும் ஒப்பிட்டால் பருவம்தான் தெரியும். கார்த்திகையைக் கார்த்திகையோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். மீனின் பெயரை உங்கள் ஊர் வழக்கிலேயே எழுதி, பக்கத்தில் ஒரு படமும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரே பெயர் அடுத்த குப்பத்தில் வேறு மீனைக் குறிக்கும்.

முத்துத்தீவு:

என்னுடையது சிறிய அனுபவம். 2016இல் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தபோது ஒரு தீவருகே மூழ்கினேன். ஒளியே அடியிலிருந்து வருவதுபோல் தரை வெண்மையாக இருந்தது; கிளிமீன்கள் அப்போதும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தன. மறு ஆண்டு அதே இடத்தில் செத்த பவளத்தின் மேல் பாசி மூடியிருந்தது. சற்றுத் தள்ளியிருந்த மற்றொரு திட்டிலோ பவளம் பெரிதும் தேறியிருந்தது. இரண்டுக்கும் இடையே நீந்திக் கடக்கும் தூரம்தான்.

கழிக்கரையான்:

ஆரணியாற்று ஐயா, ஏரி மாறாதிருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் பதிவு அப்படித் தொனித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் பிரித்துப் பார்க்க விரும்புவது இதைத்தான்: நீங்கள் சொல்லும் மாற்றத்தில் கார்த்திகையில் போன மீன் அடுத்த கோடையில் திரும்பி வந்தது. முகத்துவாரத்தை வெட்டித் திறந்தால் இறால் குஞ்சும் உள்ளே வரும். ஆனால் உள்ளே வந்த குஞ்சு அமர்வதற்குச் சேறு வேண்டாமா? வாயும் திறந்திருக்க வேண்டும், தரையும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை மறுப்பதாகாது.

நெய்தல் நண்பர் சொன்னபடி இந்தப் புரட்டாசியில் அதே இடத்துக்கு நோட்டோடு போகிறேன். ஐயா, உங்கள் ஆற்றுவாய்ப் பக்கம் மட்டி இன்னும் கிடைக்கிறதா? காக்கா ஆழி அங்கும் ஏறிவிட்டதா? தெரிந்தால் இடத்தைச் சொல்லுங்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.