எக்ஸ்ஃபேட் ஹார்டு டிரைவிலிருந்து படங்களை மீட்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அப்பா எடுத்த படங்கள் எல்லாம் இருக்கும் 2 டிபி எக்ஸ்டர்னல் டிரைவ் (ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபேட்), காப்பி ஓடும்போது கரண்ட் போனதிலிருந்து திறக்கவில்லை. செருகினால் விண்டோஸ் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. செய்யவில்லை, அதில் வேறெதுவும் எழுதவும் இல்லை. வித்தியாசமான சத்தம் ஏதும் வரவில்லை.

டிடிரெஸ்க்யூ மென்பொருளில் டிரைவின் முழு இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்துவிட்டு, அந்த இமேஜில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டலாம் என்றிருக்கிறேன். போட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு மென்பொருள் படங்களைத் தேடி எடுத்துவிடும், ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். வருஷவாரியாக அப்பாவே பெயரிட்டு அடுக்கியவை அவை. ஃபோல்டரோடு மீட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

புது டிரைவுக்கு எந்த ஃபைல் சிஸ்டம் போடுவது? எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைத்து, நடுவில் கரண்ட் போனாலும் ஃபைல் சிஸ்டம் கெடாமல் இருக்க உதவும் வசதி) இல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு, ஆனால் தங்கையின் மேக்கில் அதைப் படிக்கத்தான் முடியும், தனி மென்பொருள் இல்லாமல் எழுத முடியாது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. நீங்களாக இருந்தால் எதைப் போடுவீர்கள்?