67 முறை இரட்டித்து ஒன்று குறைத்த எண்

ராமானுஜனோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729 என்ற எண்ணைப் பற்றி நண்பர்கள் எழுதியவற்றைப் படித்தேன். எனக்கு நெருக்கமான எண் அதைவிட நீளமானது: 147573952589676412927. ஒன்றில் தொடங்கி 67 முறை இரட்டித்து, வந்ததில் ஒன்றைக் குறைத்தால் இந்த 21 இலக்க எண் கிடைக்கும்.

1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் லூக்கா என்ற கணித அறிஞர் இது பகா எண் அன்று என்று நிறுவினார். ஆனால் அவருடைய முறை காரணிகளைக் காட்டித் தரவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721, 761838257287 என்னும் இரு காரணிகளை முன்வைத்தார். ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அவர் அமர்ந்தார் என்று சொல்வார்கள்.

கணக்கு ஆசிரியராக இருந்த காலமெல்லாம் இதை மாணவர்களுக்குச் சொல்லி வந்தேனே தவிர, அந்தப் பெருக்கலை நான் ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்து, திருவட்டாறு பக்கம் எங்கள் ஊரில் ரப்பர் மரங்கள் மின்கம்பிகளின்மேல் சாய்ந்து கிடந்த இருட்டு நாட்களில்தான் அதற்கு நேரம் வாய்த்தது. மண்ணெண்ணெய் விளக்கடியில் கட்டம் போட்ட நோட்டை விரித்து, பெரிய காரணியை மேலேயும் சிறியதைக் கீழேயும் எழுதினேன். கீழே உள்ள ஒன்பது இலக்கங்களில் ஒன்று சுழியம். 7 மூன்று இடங்களிலும் 1 இரண்டு இடங்களிலும் வருகின்றன. ஆகவே எட்டு வரிகள் எழுத வேண்டியிருந்தாலும் உண்மையில் ஐந்து வரிகளைக் கணக்கிட்டால் போதும்; 5332867801009 என்ற ஏழாம் பெருக்கு வரியை மூன்று முறை இடம் தள்ளி எழுதினேன்.

கூட்டி முடித்து, ஒன்பதால் சரிபார்த்தேன். காரணிகளின் இலக்கக் கூடுதல்கள் 37, 64. ஒற்றை இலக்கம் வரும்வரை மீண்டும் மீண்டும் கூட்டினால் இரண்டும் 1-இல் முடிகின்றன; ஆகவே விடையும் 1-இல் முடிய வேண்டும். விடையின் கூடுதல் 109. அதுவும் 1-இல் முடிந்தது. நிம்மதியாக நோட்டை மூடப்போனபோது, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் பேத்தி தடுத்தாள்.

"பாட்டா, ஒன்பது வச்சுப் பாத்தா சரியா வருது. பதினொண்ணு வச்சுப் பாத்தா இடிக்குது."

அவள் சொன்னது சரி. பதினொன்றால் வகுக்கும்போது காரணிகள் தரும் மீதிகள் 9, 8. அவற்றின் பெருக்கல் 72 என்பதால் விடையின் மீதி 6 ஆக இருக்க வேண்டும். எங்கள் விடையிலோ 2 வந்தது. இலக்கங்கள் இடம் மாறினாலும் கூடுதல் மாறாது என்பதால் ஒன்பதுச் சோதனைக்கு அந்தப் பிழை தெரியாது. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் செல்லும் பதினொன்றுச் சோதனை அதைக் காட்டிவிடுகிறது. விடையை எடுத்தெழுதும்போது 64 என்பதை 46 என்று எழுதியிருந்தேன்.

"இப்ப ஒத்து வரும் மக்களே, போட்டுப் பாரு" என்றேன். மீதி 6 வந்தது.

மறுநாள் அவள் தனியாக 67 முறை இரட்டித்து 928-இல் முடியும் எண்ணைக் கொண்டுவந்தாள். ஒன்றைக் குறைத்ததும் 21 இலக்கங்களும் பொருந்தின. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 67-இன் இரு மடங்கான 134-ஆல் வகுத்தால் 1 மீதி வர வேண்டும் என்று நான் சொன்னதையும் அவள் விடவில்லை. 193707721-இல் ஒன்று குறைத்து வகுத்தாள்: 1445580, மீதியில்லை. 134-இன் மடங்குகளோடு ஒன்று கூட்டிய எண்களையே ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றாலும், அப்படிப்பட்ட பதினான்கு லட்சம் எண்களைத் தாண்டித்தான் அந்தக் காரணி நிற்கிறது.

மின்சாரம் திரும்பியதும் அவள் அந்தப் பெருக்கலைக் கைபேசியில் போட்டுப் பார்த்தாள். முதல் சில இலக்கங்களைத் தந்துவிட்டு, மீதியை அது பத்தின் அடுக்காகச் சுருக்கிவிட்டது. கடைசி மூன்று இலக்கங்களான 927 எங்கள் நோட்டில்தான் இருந்தன.