நிறுத்தி வைத்த கணிகருவியிலும் மின்கலம் தீர்வது ஏன்?

உவர்மலைக் கணக்காளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். கடன் தவணையையும் வட்டியையும் கணிப்பதற்கு, சட்டைப்பையில் அடங்கும் செய்நிரல் கணிகருவி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதற்குத் தேவையானது சீஆர் 2032 வகை நாணய மின்கலம் ஒன்றுதான். முன்பெல்லாம் ஒரு மின்கலம் சில ஆண்டுகள் நின்றது; இப்போது ஆறு மாதத்துக்குள்ளேயே திரையில் மின்கலக் குறி தோன்றிவிடுகிறது. மின்கலம் தீர்ந்தால் நான் எழுதி வைத்திருக்கும் வட்டிச் செய்நிரல்களும் அழிந்துபோவதால், இதை வெறும் செலவுப் பிரச்சினையாகக் கருத முடியவில்லை.

ஒரு நாளில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நான் கருவியை இயக்குவதில்லை. திரையின் செறிவைக் குறைத்து வைத்திருக்கிறேன். தானாக அணையும் வசதியும் ஒழுங்காகவே இயங்குகிறது. மின்கலத்தை வெவ்வேறு கடைகளில் வாங்கியபோதும் பலன் மாறவில்லை. பயன்பாட்டை இதற்கு மேலும் குறைக்க வேண்டுமா, அல்லது வேறு எங்கேனும் மின் வீணாகிறதா என்பதை அறிந்தவர்கள் கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மத்திய வீதித் திருத்துநர்

வணக்கம் ஐயா. பயன்பாட்டைக் குறைப்பதால் உங்களுக்கு எதுவும் மிஞ்சப்போவதில்லை. நாளில் அரை மணித்தியாலம் இயங்கும் கருவி மீதி இருபத்து மூன்றரை மணித்தியாலமும் அணைந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் அது எவ்வளவு மின்னை எடுக்கிறது என்பதுதான் மின்கலத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நினைவகத்தைக் காப்பாற்றுவதற்காக அணைந்த நிலையிலும் சில மைக்குரோ அம்பியர் (மில்லி அம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்குரோ அம்பியர்) ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு சீஆர் 2032 மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி அம்பியர் மணி. அணைந்த நிலையில் 10 மைக்குரோ அம்பியர் ஓடினால் 22,000 மணித்தியாலம், அதாவது இரண்டரை ஆண்டு தாங்கும். அதே ஓட்டம் 50 ஆக உயர்ந்தால் ஆறு மாதம்தான். உங்கள் கணக்கு இரண்டாவதோடு சரியாகப் பொருந்துகிறது.

ஆகவே முதலில் அளந்து பார்க்க வேண்டும். மல்ரிமீற்றரை மைக்குரோ அம்பியர் நிலையில் நேரடியாக இணைத்தால், கருவி விழித்தெழும் கணத்தில் மீற்றரின் உட்தடையில் வோல்ற்றளவு வீழ்ந்து செய்நிரல்கள் அழியக்கூடும். அதற்குப் பதிலாக, மெல்லிய பிளாஸ்ரிக் தாளொன்றின் இருபுறமும் செப்புத் தகடு ஒட்டி, அதை மின்கலத்துக்கும் நேர்முனைத் தகட்டுக்கும் இடையில் செருகி, இரு செப்புத் தகடுகளுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் தடையொன்றைப் பொருத்துங்கள். தடையின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து வைத்துக்கொண்டு கருவியை ஏற்றி அணைத்த பின்னரே கம்பியை எடுக்க வேண்டும். அப்போது தடையின் குறுக்கே தெரியும் ஒவ்வொரு மில்லி வோல்ற்றும் ஒரு மைக்குரோ அம்பியருக்குச் சமம். தாளைச் செருகுவதற்கு மின்கலத்தைக் கழற்ற வேண்டியிருப்பதால், செய்நிரல்களை அதற்கு முன்னரே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பைக்குள் சாவிக்கொத்தோ பேனாவோ ஒரு விசையை அழுத்தியபடியே இருந்தால், சில கருவிகள் உறக்க நிலைக்குப் போகாமல் விழித்தேயிருக்கும். உறை மெல்லிய துணியாக இருந்தால் கெட்டியான மூடி போடுவது நல்லது.

உவர்மலைக் கணக்காளர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே அளந்தேன். அணைந்த நிலையில் 48 மில்லி வோல்ற்று காட்டுகிறது. கருவி எப்போதும் கெட்டியான மூடிக்குள்தான் இருக்கிறது. எந்த விசையும் அழுந்தவில்லை. மின்கலக் கூட்டின் ஓரத்தில், சுற்றுப் பலகையின் மீது, மங்கலான வெண்படலம் தெரிகிறது. மாரி மாதங்களில் மின்கலம் இன்னும் விரைவாகத் தீர்வதாக எனக்குத் தோன்றுகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

நிலாவெளி இலத்திரனியல்

தொடர்பு நிச்சயமாக உண்டு; அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தில் வாழ்கிறோம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு, மூடியின் இடுக்கு வழியே நுழைந்து பலகையின் மீது படிகிறது. உலர்ந்த உப்பு மின்னைக் கடத்தாது என்பதால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதனால் பெரிய தீங்கு நேர்வதில்லை. ஆனால் காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் உள்ள பங்கு, 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைட்டு நீராவியை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடுகிறது. கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டு அதைவிடக் குறைந்த ஈரப்பதனிலேயே நீரை உறிஞ்சும். ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று ஓயும் வரை இங்கே அந்த நிலைதான் நிலவுகிறது. மின்கலத்தின் நேர், மறை முனைகளுக்கு இடையே அந்தக் கரைசல் ஒரு பாலம் போடுகிறது. 3 வோல்ற்றில் 40 மைக்குரோ அம்பியர் கசிவதற்கு வெறும் 75 கிலோ ஓம் தடையுள்ள படலம் போதும். கண்ணுக்கு அழுக்கு என்றுகூடத் தோன்றாத படலம் அது.

மின்கலத்தை எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த மென்மையான தூரிகையால் பலகையையும் கூட்டையும் தகடுகளையும் நன்றாகத் துடையுங்கள். உப்பு தூய அற்ககோலில் எளிதில் கரையாது. எனவே காய்ச்சி வடித்த நீரில் இலேசாக ஈரமாக்கிய பஞ்சினால் முதலில் துடைத்து, பின்னர் அற்ககோலால் துடைப்பதே முறை. சில மணித்தியாலம் உலரவிட்ட பிறகே மின்கலத்தைப் போட வேண்டும். போடும்போது மின்கலத்தின் இரு முகங்களையும் விரலால் தொடாமல் விளிம்பில் பிடியுங்கள். விரலிலுள்ள வியர்வையும் எண்ணெயும் அதே வகையான கசிவுக்கு வழி செய்கின்றன.

மின்கலத்தைத் தெரிவு செய்வதில் இரண்டு எச்சரிக்கைகள். சீஆர் 2025 மின்கலம் அதே விட்டமுடையதாயினும் 0.7 மில்லிமீற்றர் மெல்லியது. தகடு சரியாக அழுந்தாமல் தொடர்பு விட்டு விட்டு ஏற்படும். மீளமின்னேற்றக்கூடிய எல்ஐஆர் 2032 வகையை எந்தக் காரணத்துக்காகவும் போட வேண்டாம். முழுதாக ஏற்றப்பட்ட நிலையில் அது 4.2 வோல்ற்று தருவதால் கருவியையே கெடுத்துவிடக்கூடும், கொள்ளளவும் சாதாரண மின்கலத்தின் கால்பங்கைக்கூட எட்டாது.

வாங்கிய மின்கலம் புதியதுதானா என்பதை மீற்றரை மட்டும் வைத்து அறிய முடியாது. இலிதியம் மின்கலத்தின் வோல்ற்றளவு கடைசிவரை ஏறத்தாழச் சமமாகவே நிற்கும், மாறுவது அகத்தடைதான். 1 கிலோ ஓம் தடையைச் சில விநாடிகள் குறுக்கே பிடித்து, அப்போதும் 2.9 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நம்பி வாங்கலாம்.

மூதூர் ஆசிரியர்

மிகவும் பயனுள்ள விளக்கம், சேர். எங்கள் மாணவர்கள் வைத்திருப்பவை எல்ஆர் 44 வகை சிறு மின்கலத்தில் இயங்குபவை. அவற்றுக்கும் இந்த முறைகள் பொருந்துமா? கடையில் அதே அளவில் விலை கூடியதும் குறைந்ததுமாகப் பல வகைகளைக் காட்டுகிறார்கள்.

மத்திய வீதித் திருத்துநர்

துடைக்கும் முறை அப்படியே பொருந்தும். எல்ஆர் 44, ஏஜீ 13 என்ற இரண்டும் ஒரே கார மின்கலத்தின் பெயர்கள். 357 என்றும் அச்சிடப்படும் எஸ்ஆர் 44, வெள்ளி ஒட்சைட்டு மின்கலம். விலை கூடினாலும் கொள்ளளவு அதிகம், 1.55 வோல்ற்று முடியும்வரை ஏறத்தாழ நிலையாக நிற்கும், கசிந்து தகட்டை அரிப்பதும் குறைவு. பல ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் கருவிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். செவிப்புலக் கருவிக்குரிய நாக வளி மின்கலமும் அதே அளவில் கிடைக்கிறது. அதன் ஒட்டியை உரித்த பின் சில வாரங்களில் உலர்ந்துவிடுவதால் கணிகருவிக்கு அது உதவாது. பழைய கார மின்கலம் கசிந்து தகட்டில் வெண்பொருக்கு படிந்திருந்தால், வினாகிரி தொட்ட பஞ்சினால் துடைத்த பின்னரே நீரும் அற்ககோலும். பாடசாலையில் கழற்றிப் போடும் மின்கலங்களை உடனே ஒட்டுநாடாவால் சுற்றிச் சிறுவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கப்பட்ட நாணய மின்கலம் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடக்கூடியது.

உவர்மலைக் கணக்காளர்

பலகையை இருவரும் சொன்ன வரிசையில் துடைத்து, ஓரிரவு உலரவிட்டு, புதிய மின்கலம் இட்டு மீண்டும் அளந்தேன். இப்போது 7 மில்லி வோல்ற்றுதான் காட்டுகிறது. கணக்குப்படி மூன்றரை ஆண்டு வருகிறது. மின்கலம் தன்னளவில் இழப்பதையும் கழித்து, மூன்று ஆண்டு என்று கூட்டின் உட்புறத்தில் திகதியுடன் எழுதி வைத்திருக்கிறேன். மாரி தொடங்கியதும் ஒருமுறை அளந்து, வந்த அளவை இங்கேயே பதிவிடுகிறேன்.