புதுப்பிப்பு: பழைய எஸ்டீமுக்குப் புது ஸ்பீக்கர்

எங்கள் 2001ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் காரின் முன்கதவு ஸ்பீக்கர்கள் கரகரப்பதால் எதை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

தனி ஆம்ப்ளிஃபையர் வைக்காமல் பழைய ஸ்டீரியோவையே தொடர்வதால், பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச வாட் கணக்கை விட்டுவிட்டு, 4 ஓம் மின்தடை அளவும் 90 டெசிபெலுக்கு மேற்பட்ட உணர்திறனும் (கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) கொண்டவற்றையே தேடினேன். உணர்திறன் 3 டெசிபெல் கூடினால் அதே ஒலிக்குப் பாதி மின்திறனே போதும் என்பதால், சிறிய ஸ்டீரியோவுக்கு இதைவிட முக்கியமான எண் வேறில்லை.

பழையதைக் கழற்றியபோது, காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு விரல் பட்டதுமே பொடியாக உதிர்ந்தது. வேலூர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு ரப்பர் விளிம்பும் பாலிப்ரொப்பிலீன் கூம்பும்தான் ஏற்றவை என்பது என் முடிவு. கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு ஆழத்தை அளந்து வைத்திருந்ததால், காந்தம் பருத்து, இறங்கும் கண்ணாடியில் இடிக்கக்கூடிய ஒரு ஜோடியைக் காட்பாடிக் கடையிலேயே தவிர்க்க முடிந்தது.

இரு பக்கமும் பிளஸ், மைனஸ் ஒன்றுபோல இணைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மாறினாலும் அடித்தொனி (பேஸ்) மெலிந்துவிடும். இப்போது ஆற்காடு சாலை இரைச்சலிலும் தவிலின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) தெளிவாகக் கேட்கிறது. பின்பக்க ஸ்பீக்கர்களை மாற்றும் எண்ணம் தற்போதைக்கு இல்லை.