சரிவுச் சாலையில் முதல் இன்லெட்டே எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது, மாடலில் எங்கே தப்பு?

கேள்வி:
வணக்கம். 4 சதவீத நீள்சரிவுள்ள சாலைக்கு இபிஏ ஸ்வம்மில் (அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் வடிகால் கணக்கு மென்பொருள்) மழைநீர் வடிகால் மாடல் போட்டுக்கொண்டிருக்கிறேன். சாலை மேலே ஒரு வாய்க்கால், அடியில் குழாய், ஒவ்வொரு இன்லெட்டிலும் (சாலையோரத்தில் நீர் உள்ளே இறங்கும் வாய்) இரண்டையும் இணைக்க ஒரு ஆரிஃபிஸ் (துளை). ஓடவிட்டால் மேட்டிலுள்ள முதல் இன்லெட்டே மொத்தத்தையும் இழுத்துக்கொள்கிறது, கீழே உள்ளவை காய்ந்து கிடக்கின்றன. போன வாரம் மழையில் அதே இடத்தில் குடையோடு நின்று பார்த்தேன். தண்ணீர் இன்லெட் வாயை உரசிக்கொண்டு ஓடியது, உள்ளே இறங்கியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பள்ளத்திலுள்ள வீட்டு வாசல்களில் போய்த் தேங்குகிறது. மாடலோ அங்கே சொட்டு நீரும் இல்லை என்கிறது. தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் டிவைடர் நோடும் (இணைப்புப் புள்ளி) போட்டேன், ஒன்றும் மாறவில்லை.

பதில் 1:
டைனமிக் வேவ்வில் (நீரோட்டச் சமன்பாடுகளை முழுதாகத் தீர்க்கும் முறை) ஓடவிட்டிருப்பீர்கள். அதில் டிவைடர் வெறும் ஜங்ஷன்தான், தண்ணீரைப் பிரிக்காது. ஆரிஃபிஸோ நோடில் நிற்கும் நீரின் ஆழத்தைத்தான் பார்க்கும். சரிவில் தண்ணீர் நிற்பதே இல்லையே!

5.2 பதிப்புக்கு மாறுங்கள். அதில் ஸ்ட்ரீட் வெட்டுமுகமும் இன்லெட்டும் தனியாகவே உண்டு, கணக்கு ஹெச்.இ.சி-22 (அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் வடிகால் கையேடு) முறைப்படி. கையாலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓரத்தில் நொடிக்கு 50 லிட்டர், குறுக்குச் சரிவு 3 சதவீதம், மேனிங் எண் (தரையின் சொரசொரப்பு) 0.016 என்றால் கெர்ப் (சாலை விளிம்புக் கல்) ஓரம் ஆழம் 5 சென்டிமீட்டர்தான், வேகமோ நொடிக்கு 1.25 மீட்டர். மொத்தத்தையும் பிடிக்க 8.7 மீட்டர் நீள கெர்ப் வாய் வேண்டும். வழக்கமான 1.5 மீட்டர் வாய் 29 சதவீதம்தான் பிடிக்கும். சரிவு 1 சதவீதமாக இருந்தால் அதே வாய் 42 சதவீதம் பிடிக்கும். வாய்க்கு முன்னால் தரையைக் கொஞ்சம் தாழ்த்தினாலும் நல்ல வித்தியாசம் தெரியும், அதைக் கொடுக்கவும் ஸ்வம்மில் இடம் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி சார். மாற்றிவிட்டேன், இப்போது முதல் இன்லெட் மூன்றில் ஒரு பங்குகூடப் பிடிக்கவில்லை. மழையில் பார்த்தது அப்படியே வருகிறது. ஆனால் பள்ளத்திலுள்ள கடைசி இன்லெட்டையும் ஆன் கிரேட் (சரிவில் இருப்பது) கணக்கில்தான் எடுக்கிறது.

பதில் 2:
ஆட்டோமேட்டிக்கில் விட்டிருக்கிறீர்களா? இரண்டு பக்கச் சாலையும் அந்த நோடை நோக்கிச் சரிந்தால்தான் அது பள்ளம் என்று எடுத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கச் சாலையை வரைய மறந்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் ஒருமுறை இரண்டு நாள் தேடினேன். அதை வரையுங்கள், இல்லையென்றால் ஆன் சேக் (பள்ளத்தில் இருப்பது) என்று நீங்களே கொடுங்கள்.

அப்புறம், அடைப்பு சதவீதத்தை அந்த இன்லெட்டில் பூஜ்யமாக விடாதீர்கள். மேலே தப்பிய தண்ணீரும் அடித்து வந்த இலையும் கடைசியில் சேருவது அங்கேதான். 50 சதவீதம் வைத்து ஓட்டி, வாசல் படி மட்டத்துக்கு நீர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கிரேட்டும் (தரையில் பதிக்கும் கம்பி மூடி) கெர்ப் வாயும் சேர்ந்த வகையைப் போடுங்கள், கிரேட்டை இலை மூடினாலும் பக்கவாட்டு வாய் இழுக்கும்.