வாக்கர் என்ற குடும்பப் பெயருக்கு ‘நடப்பவர்’ என்றுதான் அர்த்தமா?

கேள்வி — லீட்ஸ்வாசி

வணக்கம் எல்லோருக்கும். நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எதிர்வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார், குடும்பப் பெயர் வாக்கர். போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது என் பெயருக்கு முன்னால் ஏன் ஓர் எழுத்து நிற்கிறது என்று கேட்டார். அது அப்பா பெயரின் முதல் எழுத்து, என் மகளுக்கு அந்த இடத்தில் என் பெயரின் எழுத்து வந்துவிடும் என்று சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம், அப்போ நூறு வருடம் முந்தைய தாத்தாவை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். சரி, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். “யாரோ நிறைய நடந்திருப்பார்கள்” என்றார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

உண்மையிலேயே நடப்பவர் என்றுதான் பொருளா? இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு வாக்கர் இருக்கிறார், எல்லோரும் ஒரே வம்சமா? அவர் வீட்டு வரவேற்பறையில் ‘வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று கேடயம் வரைந்த படம் ஒன்று மாட்டியிருக்கிறது, எங்கோ சுற்றுலா போன இடத்தில் வாங்கினாராம். அதை நம்பலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள், அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

பதில் — நூல்கண்டு

நண்பரே, அது தொழில் பெயர். நடப்பவர்தான், ஆனால் ரோட்டில் இல்லை, தொட்டிக்குள்.

கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கும்போது போட்டுக்கொள்கிற நிலையில் இருக்காது. ஆட்டு மயிரின் கொழுப்பும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் சேர்ந்து பிசுபிசு என்று இருக்கும், நெசவும் சல்லடை மாதிரி தெரியும். அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நாம் சேறு மிதிப்பது போல மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீர் பழசாகப் பழசாக அதில் அம்மோனியா கூடும், அதுதான் அந்தக் காலத்துச் சோப்பு. யார்க்‌ஷயர் நெசவு ஊர்களில் வீடு வீடாகப் போய் அதைச் சேகரித்திருக்கிறார்கள். அந்தக் களிமண் நமக்குப் புதிதில்லை. நாட்டு மருந்துக் கடையில் முகத்துக்குப் பூச வாங்குகிறோமே முல்தானி மட்டி, அதே வகை மண்தான். கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடும்.

மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகும். கம்பளி மயிரை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், ஈரத்தில் அழுத்தித் தேய்த்தால் ஒரு செதில் இன்னொன்றில் மாட்டிக்கொண்டு திரும்பி வராது. இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். ஊட்டியில் அம்மாவுக்கு வாங்கிய கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் சுடுதண்ணீரில் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டோம், எடுத்தபோது ஐந்து வயதுக் குழந்தைக்குத்தான் ஆகும், கை விரல்கூட உள்ளே போகாத அளவுக்குத் தடித்துப் போயிருந்தது. வாக்கர் வேண்டுமென்று செய்ததும் இதைத்தான், அளவு தெரிந்து செய்தார். துணி அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு சுருங்குவதெல்லாம் சாதாரணம், அதனால் முதலிலேயே அகலமாக நெய்வார்கள்.

நம் ஊர் நெசவு பருத்தியும் பட்டும். அவற்றில் செதில் கிடையாது, மிதித்தாலும் பின்னிக்கொள்ளாது. அதனால்தான் இந்த வேலைக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் இல்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன். மாற்கு 9:3இல் தமிழ் பைபிள் வண்ணான் என்று சொல்கிற இடத்தில் பழைய ஆங்கில பைபிளில் இருப்பவர் இந்தத் துணி மிதிக்கிறவர்.

மிதித்து முடித்த துணியை வெளியே மரச்சட்டத்தில் இழுத்துக் கொக்கியில் மாட்டிக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். திருப்பூரில் ஃபினிஷிங் யூனிட் பக்கம் போனவர்களுக்கு ஸ்டென்டர் மெஷின் தெரிந்திருக்கும். துணியின் இரண்டு ஓரத்தையும் பின்னில் குத்திப் பிடித்து இழுத்தபடி சூட்டில் ஓட்டுவார்கள். அந்த மரச்சட்டத்தின் வாரிசு அது. பதினாறு வருடமாக அதன் பக்கத்தில் நிற்கிறேன், பெயர் எங்கிருந்து வந்தது என்று போன வருடம்தான் தெரிந்தது.

பதில் — சொல்தேடி

நூல்கண்டு அண்ணன் தொழிலை அருமையாகச் சொல்லிவிட்டார். பெயர் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். துணிமேல் நடந்ததால் வாக்கர் என்று பலரும் எழுதுகிறார்கள், ஆனால் வரிசை தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லுக்கு உருட்டுவது, புரட்டுவது, அலைபோலப் புரளுவது என்றுதான் பொருள். துணியைப் புரட்டிப் பதப்படுத்துகிறவருக்கு அப்போதே அந்தச் சொல்லிலிருந்து பெயர் வந்துவிட்டது. காலால் நடப்பது என்ற பொருள் ஏறக்குறைய 1200ஐ ஒட்டித்தான் வழக்குக்கு வருகிறது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அதே வினைச்சொல் கம்பளி மிதிப்பதைத்தான் குறிக்கும், நடப்பதை இல்லை. ஆக, பெயரில் இருப்பது பழைய பொருள். ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக நடக்கிற மனிதர் இருக்கிறாரே, அந்தப் படம் 1908இல் வந்தது. பெயருக்குச் சொந்தக்காரர் 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடை நடத்தத் தொடங்கியவர். படத்தைப் பார்த்துப் பொருள் சொல்லக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. இதே வேலைக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர் இருந்தது, மூன்றுமே குடும்பப் பெயராகிவிட்டன. வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர். கென்ட், சசெக்ஸ், நார்ஃபக், சஃபக் என்று தென்கிழக்கில் ஃபுல்லர், அது லத்தீனிலிருந்து வந்த சொல். டெவன், சாமர்செட் பக்கம் தென்மேற்கில் டக்கர், அதன் மூலச்சொல்லுக்கு வதைப்பது என்று பொருள், துணி படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். எக்ஸெட்டர் நகரத்தில் 1471இல் நெசவாளர்களும் இவர்களும் சேர்ந்து எழுப்பிய மண்டபம் இன்னும் நிற்கிறது, பெயர் டக்கர்ஸ் ஹால். 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட வரைபடங்களில்கூட மூன்று பெயரும் அந்தந்த மூலையில்தான் குவிந்திருக்கின்றன. ரயில் வந்து, ஆலை வந்து, ஆட்கள் ஊர் விட்டு ஊர் போன பிறகும் அப்படி! ஐந்நூறு வருடம் முந்தைய வட்டார வழக்கு ஜனங்களின் பெயரில் அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

வேலை மாறியும் பெயர் மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். நதித் தண்ணீரில் சக்கரம் சுற்றி, பெரிய மரச் சம்மட்டிகள் துணியை இடிக்கிற ஆலைகள் இங்கிலாந்தில் இருந்ததற்கு 1185இல் டெம்ப்ளர் துறவிப் படையினர் எடுத்த சொத்துக் கணக்கிலேயே குறிப்பு இருக்கிறது. லீட்ஸ்வாசி, அதில் ஓர் ஆலை உங்கள் ஊர் டெம்பிள் நியூசமில்தான் இருந்தது. இப்போது மாளிகையும் பூங்காவுமாக இருக்கிறதே, அதே இடம். குடும்பப் பெயர்கள் நிலைப்பதற்கு முன்பே பல இடங்களில் காலுக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஸ்காட்லாந்தின் வடமேற்குத் தீவுகளில் பெண்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரக் கம்பளியைக் கையால் அடித்துச் சுற்றிவிட்டபடி தாளத்துக்குப் பாடுகிற வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தது. நம் நடவுப் பாட்டு மாதிரி, ஒருத்தி முன்னால் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

பதில் — பழம்பதிவு

ஒரே வம்சமா என்று கேட்டீர்கள், இல்லை. துணி நெய்த ஒவ்வோர் ஊரிலும் ஒரு வாக்கர் இருந்திருப்பார், ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனிக் குடும்பம் கிளம்பியது. நிலப்பிரபுக்கள் 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள், சாதாரண ஜனங்களுக்கு வட இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னாலும்தான் நிலைத்தது. அதுவரை ராபர்ட் துணி மிதித்தால் ‘வாக்கர் ராபர்ட்’, அவர் மகன் ஆடு மேய்த்தால் அவனுக்கு வேறு பெயர். எந்தத் தலைமுறையில் மகன் வேறு வேலைக்குப் போயும் வாக்கராகவே இருந்தானோ அன்றைக்கு அது குடும்பப் பெயர். பட்டியல் போட்டு வரி வாங்குகிறவர்களுக்கும் நிலையான பெயர் வசதியாக இருந்தது. லீட்ஸ் இருக்கிற யார்க்‌ஷயர் மேற்குப் பகுதியில் 1379 தலைவரிப் பட்டியல்கள் நன்றாகவே பிழைத்திருக்கின்றன, வாக்கர், லிஸ்டர் (சாயம் போடுகிறவர்), வெப்ஸ்டர் (நெய்கிறவர்) எல்லாம் அதில் ஆள் ஆளாக வருவார்கள்.

அந்தப் படத்தைப் பற்றிப் பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் குடும்பப் பெயருக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஒரு தனி மனிதருக்குக் கொடுக்கப்பட்டு அவருடைய நேர் வாரிசுகளுக்கு மட்டும் போகும். 1484இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இன்றும் லண்டனில் அதைப் பார்த்துக்கொள்கிறது. கடைக்காரர் ஏதோ ஒரு வாக்கருக்குக் கிடைத்த சின்னத்தை எல்லா வாக்கருக்கும் விற்கிறார்.

அவருக்கு ஆசை இருந்தால் சொந்தக் கிளையை நிஜமாகவே தேடலாம். 1837இலிருந்து பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு இருக்கிறது. 1841இலிருந்து பெயரோடு மக்கள்தொகைக் கணக்கு. அதற்கு முன்னால் மாதா கோயில் பதிவேடுகள், 1538 உத்தரவுக்குப் பிறகு எழுத ஆரம்பித்தவை. வாக்கர் மாதிரி பொதுவான பெயரில் ஒரே ஊரில் மூன்று ஜான் வாக்கர் வருவார்கள், அதனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போகாமல் ஊரையும் தொழிலையும் மனைவி பெயரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி பிறந்த ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

லீட்ஸ்வாசி மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி, நேற்று மாலை ஒன்றரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். துணி மிதிக்கிற கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் எழுந்து போய் அவர் அம்மாவின் பழைய கோட்டை எடுத்து வந்தார். அடர் நீலக் கம்பளி, கையில் வாங்கினால் கனக்கிறது, நெசவின் கோடே கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம், ஒரு துளி வெளிச்சம் வரவில்லை. கேடயப் படத்தைப் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அது மனைவி ஆசைப்பட்டு வாங்கியது, அங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

தாத்தா பிறந்தது ஹாலிஃபாக்ஸ் பக்கமாம். அங்கே டென்டரில் காயும் துணியைத் திருடியவர்களுக்குத் தலையை வெட்டுகிற தண்டனை 1650 வரை இருந்தது, திருடிய பொருள் பதின்மூன்றரை பென்னி பெறுமானால் போதும் என்று அவர் சொன்னார், சிறுவயதில் பள்ளியில் படித்ததாம். சனிக்கிழமை இரண்டு பேரும் ஆர்ம்லி மில்ஸ் போகிறோம், பழைய கம்பளி ஆலை, இப்போது அருங்காட்சியகம். நூல்கண்டு அண்ணா, அங்கே துணி இடிக்கிற மரச் சம்மட்டி கண்ணில் பட்டால் படம் எடுத்துப் போடுகிறேன்.