ஐப்பசி மழையில் அழுகும் சக்குலண்ட் (சதைப்பற்றுச் செடி): இது என்ன செடி, எப்படிக் காப்பாத்துறது?

கோத்தகிரி ஜன்னல்:
சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த தடிச்ச இலை, ரோஜா அடுக்கு. மேல வெள்ளைப் பொடி. விரல் பட்ட இடம் பச்சையா தெரியுது. தண்டு ஒரு ஜாண் நீண்டு சாய்ஞ்சிடுச்சு. ஐப்பசி மழை பிடிச்சதும் அடியிலை சுருங்கி, தொட்டாலே கழண்டு விழுது. வாங்கின பிளாஸ்டிக் தொட்டி, அதே தென்னை நார்த்தூள்தான். வாரம் ரெண்டு தடவை தண்ணி. இன்னும் சேர்த்து ஊத்தணுமா?

குன்னூர் தொட்டிச்செடி:
ஊத்தவே ஊத்தாதீங்க. தாகத்துல வாடின இலை மெலிஞ்சு மடங்கும், நசுங்காது. வெளிறி, கொழகொழன்னு நீர் விட்டா வேர் அழுகல்தான். நார்த்தூள் மேல காய்ஞ்சு தெரிஞ்சாலும் நடுவுல ஈரம் பிடிச்சே இருக்கும்.

செடி கிராப்டோபெட்டலம் பராகுவேயன்சே மாதிரி இருக்கு. நிறைய பேர் இதே மாதிரி ரோஜா அடுக்கு இருக்கிற எச்சிவேரியான்னு சொல்லி விக்கிறாங்க. பூத்தா தெரிஞ்சிடும்: இதுக்கு சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளை நட்சத்திரப் பூ, எச்சிவேரியாவுக்கு மணி வடிவப் பூ. தண்டு நீண்டது வெளிச்சம் பத்தாம.

பிளேடை ஸ்பிரிட்ல துடைச்சு, அடுக்குக்குக் கீழ 2 அங்குலம் விட்டு வெட்டுங்க. வெட்டுமுகத்துல பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிஞ்சா, மறுபடி துடைச்சு அரை அங்குலம் மேல வெட்டுங்க. முழுக்க வெளிர்பச்சையா வர்ற வரைக்கும் விடாதீங்க, ஒரு புள்ளி தங்கினாலும் அழுகல் மேல ஏறும். 4 நாள் காய வச்சு நடலாம்.

கொடைக்கானல் மாடி:
4 நாள் கோயம்புத்தூர் வெயிலுக்குச் சரிங்க அண்ணா. மூடுபனியில 8, 10 நாள் கூட ஆகும். நாளை எண்ணாம காயத்தைப் பாருங்க: நகத்தால தொட்டா பிசுபிசுப்பே இல்லாம தோல் இறுகியிருக்கணும்.

தேயிலைத் தோட்டத்துச் செம்மண் வேண்டாம், இறுகிப் போய் ஈரம் பிடிக்கும். கழுவின பருமணல் 2 பங்கு, பட்டாணி அளவு செங்கல் துண்டு 2 பங்கு, மக்கின எரு 1 பங்கு. 4 அங்குல மண் தொட்டி போதும். அடியில ஜல்லி அடுக்கினா வடியும்னு சொல்றதை நம்பாதீங்க. தண்ணி ஜல்லிக்கு மேல இருக்கிற மண்ணுலயே நிக்கும். நட்ட முதல் வாரம் தண்ணி கிடையாது. வேர் பிடிக்க 2, 3 வாரம். அதுக்கப்புறம் தொட்டியைத் தூக்கிப் பாத்து, லேசா இருந்தா மட்டும் ஊத்துங்க.

ஊட்டி கள்ளி:
கெட்டியா இருக்கிற இலையை அடியோட முழுசா திருகி எடுத்து, மணல் மேல படுக்கப் போடுங்க. புதுக் கன்று கிடைக்கும். பாதியில ஒடிஞ்சது முளைக்காது.

இலையிடுக்குல வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி. ஸ்பிரிட்ல நனைச்ச காது பட்ஸால அந்த இடத்தை மட்டும் ஒத்துங்க. முழுக்கத் துடைச்சா பொடி போயிடும், அந்த இலையில திரும்பப் படியாது. பழைய நார்த்தூளைத் திரும்பப் பயன்படுத்தாதீங்க, வேர்ல ஒட்டுற மாவுப்பூச்சி அதுல தங்கியிருக்கலாம். மார்கழி, தை ராத்திரியில ஜன்னல் கண்ணாடியில இலை படாம ஒரு அடி தள்ளி வைங்க.